பாதி வாள், பாதி மந்திரம்: மல்டிகிளாஸ் கணக்கு எங்கே உதைக்கிறது

எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் எல்லோரும் ஐந்தாம் லெவலைத் தொட்ட இரவு அது. இடிந்த கோட்டையின் வாசலில் ஒரு டஜன் கோப்ளின்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. பின்னால் ஓர் ஓகர். விசார்ட் வைத்து ஆடும் தோழி, அதுவரை காத்திருந்த ஃபயர்பால் மந்திரத்தைப் போட்டாள். எட்டு அறுமுகப் பகடைகள் உருண்டன. கூட்டினால் 31. ஒரு கோப்ளினின் உயிர்ப்புள்ளி 7. விலகித் தப்பினாலும் பாதி அடி விழும், அந்தப் பாதியே 15. வாசல் காலி. அடுத்து ஃபைட்டர், ஒரே முறையில் இரண்டு வெட்டு. அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பரின் முறை. அவருடைய பாத்திரம் ஃபைட்டர் 3, விசார்ட் 2. ஒரு வெட்டு வெட்டினார்: பகடையில் 4, பலத்துக்காக 3, ஆக 7. ஓகர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் தன் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துவிட்டு, “நானும் அஞ்சாவது லெவல்தானே?” என்றார்.

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஐம்பது வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடாதவர்களுக்கு இரண்டே வரி. கிளாஸ் என்பது பாத்திரத்தின் தொழில்: வாள் சுழற்றுகிறவன் (ஃபைட்டர்), மந்திரம் படித்தவன் (விசார்ட், பழைய பதிப்புகளில் மேஜ்), சாமியின் அருள் பெற்றவன் (கிளெரிக்), பூட்டுத் திறக்கிறவன் (ரோக்). லெவல் என்பது அந்தத் தொழிலில் அவன் எவ்வளவு தேறியிருக்கிறான் என்பது. சாகசம் செய்தால் எக்ஸ்பி, அதாவது அனுபவப் புள்ளி, சேரும், எக்ஸ்பி சேர்ந்தால் லெவல் ஏறும். ஒரே ஆள் இரண்டு தொழில் பழகினால் அது மல்டிகிளாஸ். யோசனை எளிது. ஆனால் இரண்டு தொழில் என்றால் எதையோ ஒன்றை இரண்டாகப் பங்கு போட்டாக வேண்டும். எக்ஸ்பியைப் பங்கு போடுவதா, லெவலைப் பங்கு போடுவதா? மேலுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். விளைவு ஏணிக்கும் கோணி மூட்டைக்கும் உள்ள வித்தியாசம்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் பதிப்பில் கிளாஸ் மூன்றுதான்: ஃபைட்டிங் மேன், மேஜிக் யூசர், கிளெரிக். திருடன் அடுத்த வருடம் வந்த துணைப் புத்தகத்தில்தான் வந்து சேர்ந்தான். ஆனால் அந்த முதல் பதிப்பிலேயே மல்டிகிளாஸுக்கு விதை இருந்தது. எல்ஃப் இனத்துப் பாத்திரம் ஒரு சாகசத்தில் வாளோடு போகலாம், அடுத்ததில் மந்திரத்தோடு போகலாம். ஒரே ஆட்டத்தின் நடுவில் மட்டும் மாற்றிக்கொள்ளக் கூடாது. காலையில் வக்கீல், மாலையில் டியூஷன் மாஸ்டர் என்பது போல. கறாரான விதி என்று சொல்ல முடியாது. ஆனாலும் வாளும் மந்திரமும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்ற ஆசை இந்த ஆட்டத்தோடு கூடவே பிறந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

1978-ல் அட்வான்ஸ்டு பதிப்பின் ஆட்டக்காரர் கையேடு இதை இரண்டு வழிகளாகப் பிரித்தது. மனிதரல்லாத இனங்களுக்கு மல்டிகிளாஸ்: முதல் நாளிலிருந்தே இரண்டு, சில சமயம் மூன்று தொழில்கள் சேர்ந்தே வளரும், கிடைக்கும் எக்ஸ்பி சமமாகப் பிரியும். மனிதர்களுக்கு வேறு வழி, அதை டூயல் கிளாஸ் என்பார்கள்: ஒரு தொழிலைக் கொஞ்ச காலம் செய்து, பிறகு ஒரேயடியாக விட்டுவிட்டு, இன்னொன்றை முதல் லெவலிலிருந்து தொடங்க வேண்டும்.

இங்கேதான் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1989-ல் வந்த இரண்டாம் பதிப்பின் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். ஃபைட்டர் இரண்டாம் லெவலுக்கு 2,000 எக்ஸ்பி, மூன்றுக்கு 4,000, நான்குக்கு 8,000, ஐந்துக்கு 16,000, ஆறுக்கு 32,000, ஏழுக்கு 64,000. ஒவ்வொரு படியிலும் இரட்டிப்பு. இப்போது இரண்டு பேர் 80,000 எக்ஸ்பி சம்பாதித்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் வெறும் ஃபைட்டர். அவர் ஏழாம் லெவல். இன்னொருவர் எல்ஃப், ஃபைட்டரும் மேஜும். அவருக்குத் தொழிலுக்கு 40,000. ஃபைட்டராக ஆறாம் லெவல். மேஜ் அட்டவணையில் ஆறாம் லெவலுக்குத் தேவை சரியாக 40,000. ஆக 6/6.

ஏழுக்கு எதிரே ஆறும் ஆறும்! ஒரே ஒரு லெவலை விட்டுக்கொடுத்து முழுசாக இன்னொரு தொழிலையே வாங்கிவிட்டார். இரட்டித்துக்கொண்டே போகும் அட்டவணையில் பாதிப் பங்கு என்பது ஒரு படி கீழே, அவ்வளவுதான். விதி எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் வேறு பக்கத்தில் கடிவாளம் போட்டார்கள். உயிர்ப்புள்ளிக்கு இரண்டு தொழிலின் பகடையையும் உருட்டிப் பாதியாக்க வேண்டும். கவசம் போட்டால் மேஜ் மந்திரம் வேலை செய்யாது, எல்ஃப்களின் மெல்லிய சங்கிலிக் கவசம் மட்டும் விதிவிலக்கு. எல்லாவற்றுக்கும் மேலே இன உச்சவரம்பு: எல்ஃப் ஃபைட்டராக 12-க்கு மேல் ஏற முடியாது, மேஜாக 15-க்கு மேல் ஏற முடியாது. மனிதனுக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆனால் எத்தனை பேர் பன்னிரண்டாம் லெவல் வரை ஆடினார்கள்? தூரத்தில் எங்கேயோ நிற்கும் சுவரைக் காட்டி இப்போது ஓடுகிறவனைத் தடுக்க முடியாது.

மனிதனின் டூயல் கிளாஸ் இதற்கு நேர் எதிர். வலியெல்லாம் முன்னாலேயே வந்துவிடும். பழைய தொழிலின் முக்கியத் தகுதியில் (பலம், அறிவு போன்றவற்றுக்கான எண்) குறைந்தது 15, புதிய தொழிலின் தகுதியில் 17 வேண்டும். மூன்று பகடைகளை உருட்டி எண் எடுக்கும் முறையில் 17-ம் அதற்கு மேலும் விழ 216-ல் 4 வாய்ப்புதான். அதையும் தாண்டி வந்தால், புதிய லெவல் பழையதை மிஞ்சும்வரை பழைய கைவரிசையைக் காட்டக் கூடாது. காட்டினால் எக்ஸ்பி பறிபோகும். ஏழாம் லெவல் வீரன் முதல் லெவல் மந்திரவாதியாகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மேசையில் ஆடியவர்களைவிட, 1998-லும் 2000-லும் வந்த பால்டர்ஸ் கேட் கணினி விளையாட்டுகள் வழியாக இதை அனுபவித்தவர்கள் நம்மிடையே அதிகம். முதல் ஆட்டத்தில் திருடியாக இருந்த இமோயென் இரண்டாவதில் மேஜாக மாறி நிற்பது இந்த விதிப்படிதான். ஆரம்பத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினால் பின்பாதியில் அசுர பலம். கணினியில் சேவ் பட்டன் இருப்பதால் பல்லைக் கடிப்பது கொஞ்சம் சுலபம் என்பது வேறு விஷயம்.

1997-ல் இந்த ஆட்டத்தை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனத்தை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. மூன்று வருடம் கழித்து, 2000-ல், ஜோனதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் செதுக்கிய மூன்றாம் பதிப்பு வந்தது. அது இந்த இரண்டு வழிகளையும் தூக்கிப் போட்டுவிட்டு, கேட்டவுடனே பிடித்துப்போகிற ஒரு விதியைக் கொண்டுவந்தது: எல்லாக் கிளாஸுக்கும் ஒரே எக்ஸ்பி அட்டவணை, ஒவ்வொரு முறை லெவல் ஏறும்போதும் எந்தக் கிளாஸில் ஏறுவது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். இனத் தடை இல்லை. உச்சவரம்பு இல்லை. ஃபைட்டர், ஃபைட்டர், விசார்ட், ரோக், மறுபடி ஃபைட்டர் என்று மாலை கட்டுவது போலக் கட்டிக்கொண்டே போகலாம்.

ஆட்டக்காரர்கள் கொண்டாடினார்கள். ஆனால் பங்கு போடப்படும் பொருள் மாறிவிட்டதை உடனே கவனித்தவர்கள் குறைவு. முன்பு பிரிந்தது எக்ஸ்பி. இப்போது பிரிவது லெவல். முன்பு 7-க்கு 6/6 கிடைத்த இடத்தில் இப்போது 4/3 கிடைக்கும்.

இந்த 4/3 எல்லோரையும் ஒரே மாதிரி தண்டிப்பதும் இல்லை. மூன்றாம் பதிப்பில் பத்தாம் லெவல் ஃபைட்டரின் தாக்கும் போனஸ் 10. ஃபைட்டர் 5, விசார்ட் 5 என்றால் ஃபைட்டரிடமிருந்து 5, விசார்டிடமிருந்து 2, ஆக 7. பரவாயில்லை, முறைக்கு இரண்டு வெட்டும் உண்டு. மந்திரப் பக்கம் வாருங்கள். பத்தாம் லெவல் விசார்ட் ஃபயர்பால் போட்டால் பத்துப் பகடை. நம்மவர் போட்டால் ஐந்து. அவரிடம் ஐந்தாம் நிலை மந்திரங்கள் இருக்கின்றன, இவர் மூன்றாம் நிலையிலேயே நிற்கிறார். வாள் வித்தை கூட்டல் கணக்கில் வளர்கிறது: எந்தத் தொழிலில் வந்த போனஸ் என்றாலும் ஒரே உண்டியலில் விழும். மந்திரம் அப்படி இல்லை. அதன் மேல்படிகள் ஒவ்வொன்றும் கீழ்ப்படிகளைச் சில்லறையாக்கிவிடும். பாதியில் நின்ற மந்திரவாதிக்குப் பாதி மதிப்புக்கூட இல்லை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பதை விதிப்புத்தகமே எழுதிக்கொடுத்த மாதிரி ஆயிற்று.

ஆனால் எதிர்த்திசையில் ஓட்டையும் இருந்தது. பல கிளாஸ்கள் முதல் லெவலிலேயே கைநிறையக் கொடுத்தன. உதாரணத்துக்கு, விஷம், நோய் போன்றவற்றைத் தாங்கும் எண் ஃபைட்டருக்கு முதல் லெவலில் 2. பார்பேரியனுக்கும் ரேஞ்சருக்கும் அதே 2. மூன்றிலும் ஒவ்வொரு லெவல் எடுத்தால் 6. வெறும் ஃபைட்டராகவே போனால் அந்த 6 எட்டாம் லெவலில்தான் வரும். ரேஞ்சரில் ஒரே லெவல் எடுத்தால் இரு கை வாள் வித்தை மொத்தமும் இனாம். 2003-ல் வந்த திருத்தப் பதிப்பு அதை அடைத்தது. இப்படி ஒரு லெவல், இரண்டு லெவல் மட்டும் எடுத்துவிட்டு நகர்வதை ஆட்டக்காரர்கள் டிப் என்பார்கள். இட்லிக்குச் சட்னி தொட்டுக்கொள்கிற அதே டிப்தான். மந்திரவாதி தொட்டுக்கொண்டால் நஷ்டம், வாள்காரன் தொட்டுக்கொண்டால் லாபம். சமநிலைக்காக, கிளாஸ்களின் லெவல்கள் ஒன்றுக்கொன்று ரொம்ப விலகினால் எக்ஸ்பியில் 20 சதவீதம் பிடித்தம் என்று ஒரு விதி வைத்தார்கள். பல மேசைகளில் அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது.

மந்திரக்காரர்களின் நஷ்டத்தை ஈடுகட்ட வந்தவைதான் பிரஸ்டீஜ் கிளாஸ்கள். மிஸ்டிக் தியர்ஜ் என்று ஒன்று: கிளெரிக் 3, விசார்ட் 3 வரை வந்துவிட்டால் அதில் சேரலாம், அதற்குப் பிறகு அதில் ஏறும் ஒவ்வொரு லெவலும் இரண்டு மந்திரங்களையும் சேர்த்தே உயர்த்தும். எல்ட்ரிட்ச் நைட், ஆர்கேன் டிரிக்ஸ்டர் எல்லாம் இதே வகை. கிழிந்த இடத்தில் அழகான ஒட்டு. 2004-ல் வந்த மாற்று விதிகள் புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு லெவலிலும் இரண்டு கிளாஸ்களையும் முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஜெஸ்டால்ட் என்ற பெயரில் ஒரு வழி கொடுத்தது. ஆட்கள் குறைவான மேசைக்கு அது அருமை. இரண்டே ஆட்டக்காரர்களோடு ஆடுகிறவர்களுக்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

2008-ன் நான்காம் பதிப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரு ஃபீட் (கூடுதல் திறன் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) செலவழித்தால் அடுத்த கிளாஸின் திறமை ஒன்று கிடைக்கும்; அதற்கு மேல் வேண்டுமானால் இன்னும் ஃபீட். பாதுகாப்பான ஏற்பாடு, உப்புச் சப்பில்லாத ஏற்பாடு. இரண்டு வருடம் கழித்து ஹைப்ரிட் என்று பாதிக்குப் பாதி கலக்கும் வழியும் வந்தது. யாரும் பெரிதாகச் சண்டை போட்டுக்கொள்ளவில்லை என்பதே அதன் பெருமையும் குறையும்.

இனி 2014-ன் ஐந்தாம் பதிப்பு, அதாவது நம் நண்பர் மாட்டிக்கொண்ட இடம். மல்டிகிளாஸ் இதில் விருப்ப விதி. ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) சரி என்றால்தான் உண்டு. அடிப்படை 2000-ல் வந்ததேதான்: பிரிவது லெவல். ஆனால் பழைய காயங்களுக்கு மருந்து போட்டிருக்கிறார்கள். பயிற்சி போனஸ் மொத்த லெவலைப் பார்த்து வருகிறது, கிளாஸைப் பார்த்து வருவதில்லை. உள்ளே வர இரண்டு கிளாஸின் முக்கியத் தகுதியும் 13 இருக்க வேண்டும். 2023-ன் பால்டர்ஸ் கேட் 3 இந்த 13 நிபந்தனையை எடுத்தே விட்டது. அங்கே பழகிவிட்டு மேசைக்கு வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது இதில்தான்.

மந்திரக்காரர்களுக்கும் ஒரு சமாதானம் உண்டு. கிளெரிக் 5, விசார்ட் 5 என்றால் ஸ்பெல் ஸ்லாட்டுகளின் (ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒன்று செலவாகும்) எண்ணிக்கை பத்தாம் லெவல் மந்திரவாதிக்கு உரியதே. ஐந்தாம் நிலை ஸ்லாட் இரண்டு கிடைக்கும். ஆனால் தெரிந்த மந்திரங்கள் மூன்றாம் நிலை வரைதான். டபரா பெரிசு, காப்பி கொஞ்சம். இருந்தாலும் அந்தப் பெரிய ஸ்லாட்டில் ஃபயர்பாலை ஊற்றினால் எட்டுக்குப் பதில் பத்துப் பகடை. பழைய பதிப்பு மாதிரி ஒரேயடியாகக் கைவிடவில்லை.

வரிசையும் முக்கியம், இதைப் புதியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. முதல் லெவலில் ஃபைட்டர் எடுத்துவிட்டு விசார்டுக்குப் போனால் கனமான இரும்புக் கவசம் போடும் பயிற்சி கிடைக்கும். அடி வாங்கினாலும் மந்திரத்தின் மேல் கவனம் சிதறாமல் பிடித்துவைக்கும் உடல்வலுச் சேவில் (தாங்கிக்கொள்ள உருட்டும் பகடை) பயிற்சியும் கிடைக்கும். விசார்டாகத் தொடங்கி இரண்டாவதாக ஃபைட்டருக்குப் போனால் கனக் கவசம் இல்லை, அந்தச் சேவும் இல்லை. தாளில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: ஃபைட்டர் 1, விசார்ட் 9.

நண்பரின் சிக்கல் வேறு இடத்தில். இந்தப் பதிப்பில் ஐந்தாம் லெவல் என்பது ஒரு மேடு. ஃபைட்டருக்கு இரண்டாவது வெட்டு அங்கேதான் வருகிறது, விசார்டுக்கு மூன்றாம் நிலை மந்திரமும் அங்கேதான். அரக்கர்களும் அதற்கேற்பப் பெருக்கிறார்கள். இவர் 3-ம் 2-ம் வைத்துக்கொண்டு மேட்டின் அடிவாரத்தில் நிற்கிறார். போதாக்குறைக்கு, தகுதிகளை உயர்த்தும் வாய்ப்பு ஏதாவது ஒரு கிளாஸில் நான்காம் லெவலைத் தொட்டால்தான் வரும். அதுவும் கிடைக்கவில்லை. ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால்.

வெளியே பேசப்படுவதெல்லாம் இதற்கு நேர்மாறான கதைகள். பேலடினும் வார்லாக்கும் சேர்ந்தது, சார்சரரும் வார்லாக்கும் சேர்ந்தது. இரண்டாவதற்குக் காப்பிலாக் என்று செல்லப்பெயர். வார்லாக்கின் ஸ்லாட்டுகள் ஒரு மணி நேர ஓய்வில் திரும்பி வரும். சார்சரர் ஒரு ஸ்லாட்டை உடைத்துப் புள்ளிகளாக்கி, அந்தப் புள்ளிகளை மறுபடி ஸ்லாட்டாக்கலாம். இப்படிச் செய்த ஸ்லாட்டுகள் நீண்ட ஓய்வு எடுத்தால்தான் மறையும். அப்படியென்றால் தூங்காமலே இருந்தால்? ஒரு மணிக்கு ஒருதரம் உட்கார்ந்து எழுந்து, ராத்திரி முழுக்க ஸ்லாட் சேர்த்துக்கொண்டே இருக்கலாம். தூங்காதவன் காப்பி குடிப்பான், அதனால் அந்தப் பெயர். 2017-ல் வந்த துணை நூல், நீண்ட ஓய்வில்லாமல் ஒரு நாள் கடந்தால் களைப்பு வரலாம் என்று ஒரு விருப்ப விதியைச் சேர்த்தது. என் அனுபவத்தில் அந்த விதிக்குத் தேவையே வரவில்லை. டிஎம் புருவத்தைத் தூக்கினாலே போதும்.

அதே 2017 நூலில் வந்த ஹெக்ஸ்பிளேடு வார்லாக்கின் முதல் லெவலிலேயே வாளைக் கவர்ச்சித் தகுதியால் வீசலாம் என்றிருந்தது. கவர்ச்சியை நம்பிப் பிழைக்கும் பேலடினும் பார்டும் க்யூவில் வந்து தொட்டுக்கொண்டார்கள். 2024 பதிப்பு ஹெக்ஸ்பிளேடு போன்ற உட்பிரிவுகளை, அதாவது எல்லா உபகிளாஸ்களையும், மூன்றாம் லெவலுக்குத் தள்ளியது, இந்த டிப்புகளைக் குறைக்க அது ஒரு நல்ல வழி. ஆனால் அதே வசதியை வார்லாக்கின் முதல் லெவலில் வேறு பெயரில் வைத்துவிட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை.

இரண்டு தொழிலைக் கலக்க மல்டிகிளாஸ்தான் வழி என்றில்லை. 1981 பேசிக் பெட்டியில் எல்ஃப் என்பதே ஒரு கிளாஸ்: வாளும் வீசும், மந்திரமும் போடும். விலை எக்ஸ்பியில்: ஃபைட்டர் 2,000-லும் மேஜிக் யூசர் 2,500-லும் இரண்டாம் லெவலுக்குப் போனால் எல்ஃபுக்கு 4,000. பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டம் 2011-ல் கொண்டுவந்த மேகஸ் கிளாஸும் இந்தக் குடும்பம்தான்: ஒரு கையில் வாள், மறு கையில் மந்திரம், இரண்டும் ஒரே முறையில். கலவையை ஆட்டக்காரன் தலையில் கட்டாமல் வடிவமைத்தவரே கலந்து கொடுக்கும்போது கணக்கு உதைப்பதில்லை. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஆனால் நடுவழியில் மனசு மாறுகிறவனுக்கு அதில் இடமில்லை. அது பிறப்பிலேயே முடிவான கலவை.

இதை மனதில் வைத்து அன்றிரவு ஆட்டம் முடிந்ததும் டிஎம் நண்பரிடம் ஒரு யோசனை சொன்னார். ஃபைட்டரின் உபகிளாஸான எல்ட்ரிட்ச் நைட்டாக மாற்றிக்கொள்ளுங்கள், கதையில் ஒன்றும் கெடாது. தாளை எடுத்து ஒப்பிட்டோம். எல்ட்ரிட்ச் நைட் ஐந்தாம் லெவலில் முதல் நிலை ஸ்லாட் மூன்று. ஃபைட்டர் 3, விசார்ட் 2-க்கும் அதே மூன்று. கூடவே இரண்டாவது வெட்டும் தகுதி உயர்வும் நைட்டுக்கு உண்டு. நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு கேட்டார், “நைட்டுக்கு ஃபயர்பால் எப்போ?”

பதின்மூன்றாம் லெவல். இவர் இப்படியே விசார்டில் ஏறிக்கொண்டே போனால் மொத்த லெவல் எட்டில் வந்துவிடும். இன்னும் மூன்று. அவருடைய வீரன், செத்துக்கிடந்த ஒரு கிழட்டு விசார்டின் மந்திரப் புத்தகத்தைச் சுரங்கத்தில் கண்டெடுத்துத் தீப்பந்த வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவன். எல்ட்ரிட்ச் நைட்டுக்குப் புத்தகமே கிடையாது. “அதை என்ன, பழைய பேப்பர்காரனுக்கா போடச் சொல்றீங்க?” என்றார்.

இரண்டு வாரம் கழித்து ஆறாம் லெவல் வந்தது. பென்சிலால் விசார்ட் 2 என்றிருந்ததை அழித்து 3 என்று எழுதினார். வாள் இன்னும் ஒரே வெட்டுதான்.